18ஐ விற்பதா, 21ஐ வாங்குவதா? கோல்ஃப் ஸ்ப்ரெட் பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

மாஸ்டர்ஸ் கோல்ஃப் முடிந்த கையோடு திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே நிற்கின்றன. லண்டனில் இருக்கும் பிள்ளைகளும் மருமக்களும் கைபேசியில் அனுப்பும் பந்தயப் படங்களில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, அவை என்ன? ஓர் ஆட்டக்காரர் போட்டியை எத்தனையாவது இடத்தில் முடிப்பார் என்பதன் மேல் பிடிக்கும் ஸ்ப்ரெட் பந்தயம் அது. யாரையும் பந்தயம் பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இதில் காசு எந்த ஓட்டையால் ஒழுகுகிறது என்று தெரியாமலே பலர் இழக்கிறார்கள். அந்த ஓட்டையைத் தெளிவாகக் காட்டிவிட வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

கேள்வி: என் மருமகன் அனுப்பிய படத்தில் "ரோரி மெக்கில்ராய் 18 – 21" என்று இருந்தது. "நான் அவரை விற்றுவிட்டேன் மாமா" என்கிறார். ஒரு ஆட்டக்காரரை எப்படி ஐயா விற்பது?
– வாசகர், உவர்மலை

விற்கப்படுவது ஆள் இல்லை, அவர் முடிக்கப்போகும் இடத்தின் எண். நாணய மாற்றுக் கடையில் டொலருக்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று எழுதியிருப்பதைப் போல, பந்தய நிறுவனமும் இரண்டு எண்கள் போடும். மெக்கில்ராய் ஏறத்தாழ 19 அல்லது 20ஆம் இடத்தில் முடிப்பார் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. அதைவிட நன்றாக ஆடுவார் என்று நினைப்பவர் 18இல் விற்கிறார். அதைவிட மோசமாக ஆடுவார் என்று நினைப்பவர் 21இல் வாங்குகிறார்.

உங்கள் மருமகன் புள்ளிக்கு 2 ஸ்டேர்லிங் பவுண் வைத்து 18இல் விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்கில்ராய் 5ஆம் இடம் வந்தால் 18இலிருந்து 5ஐக் கழித்து 13 புள்ளி, 26 பவுண் இலாபம். 30ஆம் இடம் வந்தால் 12 புள்ளி, 24 பவுண் நட்டம். 20ஆம் இடம் வந்தால் விற்றவருக்கு 2 புள்ளி நட்டம், 21இல் வாங்கியவருக்கும் 1 புள்ளி நட்டம். நடுவில் கிடக்கும் அந்த 3 புள்ளிதான் நிறுவனத்தின் கூலி.

புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கால்பந்து கோல்கள், கிரிக்கெட் ஓட்டங்கள் போன்றவற்றில் ஓர் அணி நன்றாக ஆடும் என்று நம்பினால் "வாங்கு" என்பதை அழுத்துவார்கள். கோல்ஃப் இடத்தில் எண் குறையக் குறைய ஆட்டம் சிறந்தது. ஆகவே நம்புகிறவர் விற்க வேண்டும். பிடித்த ஆட்டக்காரரின் பெயரைக் கண்டதும் கைப்பழக்கத்தில் "வாங்கு" என்பதை அழுத்திவிட்டு, அவர் வென்றபின் 20 புள்ளி இழந்து நிற்பவர்கள் உண்டு. அழுத்துவதற்கு முன் "இவர் 1ஆம் இடம் வந்தால் எனக்கு வருமா, போகுமா?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டால் போதும்.

கேள்வி: நான்கு பேர், ஐந்து பேர் ஒரே இடத்தில் முடிக்கிறார்களே, அப்போது எந்த எண்ணை எடுப்பார்கள்?
– வாசகி, உப்புவெளி

பொதுவாக எடுப்பது சராசரியை. 2016 மாஸ்டர்ஸில் டனி வில்லெட் வென்றார். ஜோர்டன் ஸ்பீத்தும் லீ வெஸ்ட்வூட்டும் 2ஆம் இடத்தில் சமமாக முடித்தார்கள். அவர்கள் இருவரும் 2ஆம், 3ஆம் இடங்களைப் பங்கிட்டிருப்பதால் ஒவ்வொருவருக்கும் 2.5 என்று கணக்குத் தீர்க்கப்படும். சமநிலையைப் பிளே-ஓஃப், அதாவது வென்றவரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம், ஆடித் தீர்த்தால் சராசரி தேவையில்லை. 2025 மாஸ்டர்ஸில் மெக்கில்ராயும் ஜஸ்டின் ரோஸும் சமமாக முடித்துப் பிளே-ஓஃப் ஆடினார்கள். மெக்கில்ராய்க்கு 1, ரோஸுக்கு 2. சில இடங்களில் சராசரி எடுக்காமல் பலகையில் உள்ள எண்ணையே எடுக்கும் விதியும் இருக்கலாம். ஆகவே விதிப் பக்கத்தில் "சமநிலை" என்ற பகுதியை முதலில் வாசிக்க வேண்டும்.

முன்னணி இடங்களில் சராசரியால் பெரிய வித்தியாசம் வராது. நடுப்பகுதியில் அது பயங்கரமானது. ஒரு கற்பனைப் பலகையைப் பாருங்கள்: 8 அண்டரில், அதாவது திடலுக்கு நிர்ணயித்த அடிகளைவிட 8 குறைவாக, 6 பேர் 14ஆம் இடத்தில் சமம். அவர்கள் நிரப்புவது 14 முதல் 19 வரை, சராசரி 16.5. அடுத்து 7 அண்டரில் 8 பேர். உங்கள் ஆட்டக்காரர் முதற் கூட்டத்தில் இருக்கிறார். கடைசிக் குழியில் ஒரு போகி, அதாவது ஓர் அடி அதிகம். அவர் 7 அண்டருக்கு இறங்கியதும் மேலே 5 பேர்தான், 14 முதல் 18 வரை. கீழ்க் கூட்டத்தில் இப்போது 9 பேர், 19 முதல் 27 வரை, சராசரி 23. மூன்றடித் தூரத்தில் தவறிய ஒரு பட் (குழிக்குள் பந்தை உருட்டும் அடி), 16.5ஐ 23 ஆக்கிவிட்டது. புள்ளிக்கு 2 பவுண் என்றால் 13 பவுண். முதலாவதாக இருப்பவர் அதே போகியைப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு இடமே போகும். நடுப்பகுதியில் அடிகள் நெருங்கிக் கிடப்பதுதான் காரணம்.

கேள்வி: நான் கணிதம் படிப்பிக்கிறேன். முன்னணி ஆட்டக்காரரை விற்கும் நண்பர் பத்துக்கு ஆறு தடவை வெல்கிறார். ஆனாலும் வருட முடிவில் நட்டம் என்கிறார். நம்ப முடியவில்லை.
– ஆசிரியர், திருக்கடலூர்

நம்புங்கள். இந்தப் பந்தயத்தின் உயிர்நாடியே நீங்கள் கேட்டதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் ஆடியபின் கீழே இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பும் கோடுதான் கட். கட் தவறியவருக்கு உண்மையான இடம் என்று ஒன்றில்லை. ஆகவே நிறுவனம் ஒரு நிலையான எண்ணைப் போடும். 50 என்று போடுவது வழக்கம். 50ஆம் இடத்துக்கும் பின்னால் முடித்தவருக்கும் அதே 50. நிறுவனத்துக்கு நிறுவனம், போட்டிக்குப் போட்டி இந்த எண் மாறலாம்.

இப்போது விற்பவரின் நிலையைப் பாருங்கள். 20.5இல் விற்றவருக்கு அதிகபட்ச இலாபம் 19.5 புள்ளி, அதுவும் ஆள் போட்டியையே வென்றால். அதிகபட்ச நட்டம் 29.5 புள்ளி, அது ஆள் வெள்ளிக்கிழமையே பெட்டி கட்டினால். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரருக்கும் கட் தவறுவது அரிதல்ல. மெக்கில்ராய் 2023 மாஸ்டர்ஸிலும், பிரித்தானியாவின் பெரும் போட்டியான த ஓப்பனில் 2024இலும் கட் தவறினார். 2024 யூ.எஸ். ஓப்பனை வென்ற பிரைசன் டிஷாம்போ, 2025இல் அதே போட்டியில் கட் தவறினார்.

கரும்பலகையில் எழுதக்கூடிய ஒரு மாதிரி தருகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 100 போட்டி ஆடினால்:

1 – 5 இடம்: 25 தடவை, சராசரி 3
6 – 10 இடம்: 15 தடவை, சராசரி 8
11 – 20 இடம்: 18 தடவை, சராசரி 15
21 – 40 இடம்: 16 தடவை, சராசரி 30
41 – 50 இடம்: 6 தடவை, சராசரி 46
கட் தவறல்: 20 தடவை, ஒவ்வொன்றும் 50

பெருக்கிக் கூட்டினால் 2221. நூறால் வகுத்தால் சராசரி 22.21. ஆனால் நூறில் 58 தடவை அவர் 20ஆம் இடத்துக்குள் வந்திருக்கிறார். இடையம், அதாவது முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் விழும் எண், 15, 16 பக்கத்தில்தான் நிற்கிறது. மக்கள் மனத்தில் வைத்திருப்பது இடையத்தை: "இவர் வழக்கமாக பதினைந்துக்குள் வருபவர்தானே, 20.5 என்பது இலவசக் காசு" என்று விற்கிறார்கள். விலையோ சராசரியைச் சுற்றி, 20.5 – 23.5 என்று போடப்பட்டிருக்கிறது.

விற்றவரின் கணக்கு: வென்ற 58 தடவையில் 25க்கு தலா 17.5, 15க்கு தலா 12.5, 18க்கு தலா 5.5. மொத்தம் 724 புள்ளி வரவு. தோற்ற 42 தடவையில் 16க்கு தலா 9.5, 6க்கு தலா 25.5, கட் தவறிய 20க்கு தலா 29.5. மொத்தம் 895 புள்ளி செலவு. 58 தடவை வென்றும் கையில் 171 புள்ளி குறைவு. அந்த 895இல் 590 கட் தவறியதால் மட்டும் வந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் நண்பரின் கதை இதுவேதான்.

இதிலிருந்து எழும் அடுத்த கணக்கை உங்கள் மாணவருக்கும் கொடுக்கலாம். கட் தவறும் வாய்ப்பை 20க்குப் பதில் 15 என்று எடுத்து, மீதி 5 தடவையை 11 – 20 கூட்டத்தில் சேருங்கள். சராசரி 20.46க்கு இறங்கிவிடும். கட் தவறும் வாய்ப்பை நூற்றுக்கு ஒன்று பிழையாக மதித்தால், விலை 0.35 புள்ளி பிழைக்கிறது. அவர் வெல்வாரா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள், அவர் சனிக்கிழமை ஆடுவாரா என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பந்தயத்தில் விலையை அதிகம் ஆட்டுவது அந்த இரண்டாவது கேள்விதான்.

கேள்வி: கட் எல்லாப் போட்டியிலும் ஒன்றுதானா?
– வாசகர், மூதூர்

இல்லை. மாஸ்டர்ஸில் முதல் 50 பேரும் சமமானவர்களும் தப்புவார்கள். 2020க்கு முன், முதலிடத்தில் நிற்பவருக்கு 10 அடிக்குள் இருப்பவர்களும் தப்பும் விதி அங்கே இருந்தது. யூ.எஸ். ஓப்பனில் முதல் 60, த ஓப்பனிலும் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பிலும் முதல் 70. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பி.ஜி.ஏ. டூரின் வழக்கமான போட்டிகளில் முதல் 65. முன்பு 70 ஆக இருந்து 2019 – 20 பருவத்தில் குறைந்தது.

இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மாஸ்டர்ஸ்தான் கடினம் என்று தோன்றும். மொத்தம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர்ஸில் நூற்றுக்கும் குறைவானவர்களே ஆடுவார்கள், அவர்களில் பலர் முன்னாள் சாம்பியன்களான வயதானவர்கள். பாதிக்கு மேல் தப்பிவிடுவார்கள். யூ.எஸ். ஓப்பனில் 156 பேர் ஆட, ஐந்தில் இருவர்தான் தப்புகிறார்கள். அதே ஆட்டக்காரர், அதே ஆட்டநிலை. மாஸ்டர்ஸ் விலையும் யூ.எஸ். ஓப்பன் விலையும் வேறாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். டூர் சாம்பியன்ஷிப்பில் 30 பேர் மட்டும், கட் கிடையாது; அங்கே 50 என்ற பூதமே இல்லை.

கேள்வி: ஆட்டக்காரர் இடையில் விலகினால் காசு திரும்பி வருமா?
– வாசகர், தம்பலகாமம்

முதல் டீயில் (ஒரு குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடம்) பந்தை அடிக்க முன் விலகினால் பொதுவாகப் பந்தயம் இரத்து. ஓர் அடி அடித்தபின் முதுகுவலி என்று விலகினாலும், புள்ளி அட்டையில் பிழை செய்து தகுதி இழந்தாலும், கட் தவறியவராக எண்ணி அந்த 50ஐப் போடுவதே வழக்கம். காயத்திலிருந்து திரும்பும் ஆட்டக்காரரை விற்கிறவர்கள் இதை நினைப்பதில்லை.

கேள்வி: வியாழக்கிழமை தொடங்கும் போட்டிக்கு செவ்வாய், புதன்கிழமைகளில் விலை ஆடுவது ஏன்? எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள்?
– வாசகர், லிங்கநகர்

பெரும்பாலும் இரண்டு காரணம்: புறப்படும் நேரப் பட்டியல், காற்று. த ஓப்பனில் எல்லோரும் முதலாம் டீயிலிருந்தே புறப்படுவார்கள். காலை ஆறரைக்குப் போகும் முதற்குழுவுக்கும் பின்னேரம் போகும் கடைசிக் குழுவுக்கும் இடையில் முழுப் பகலே கிடக்கிறது. வியாழன் காலை ஆடியவர் வெள்ளி பிற்பகல் ஆடுவார், மற்றவர் அதற்கு மறுதலை. கச்சான் காலத்தில் நிலாவெளிக் கடற்கரையில் காலையும் பின்னேரமும் காற்று எப்படி மாறும் என்று கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடலோரத் திடலில் ஒரு பாதிக்கு மட்டும் காற்று எழும்பினால் அந்தப் பாதியினர் இரண்டு நாளில் ஓரிரு அடி அதிகம் அடிக்கிறார்கள். கட் கோட்டில் நிற்பவருக்கு ஓரடியே வாழ்வும் சாவும்.

2019 த ஓப்பனில் நடந்தது அதற்குச் சாட்சி. வட அயர்லாந்தின் போர்ட்ரஷில், சொந்த மண்ணில், மெக்கில்ராய் முதற் குழியிலேயே பந்தை எல்லைக்கு வெளியே அடித்து 8 எடுத்தார். அன்று 79. மறுநாள் 65 அடித்தும் ஒரே ஓரடியால் கட் தவறினார். 18இல் விற்றவருக்கு அது 32 புள்ளி நட்டம். அந்த ஓரடி மிஞ்சியிருந்து அவர் 40ஆம் இடத்தில் முடித்திருந்தால் நட்டம் 22. நல்ல வாரயிறுதி ஒன்று வாய்த்திருந்தால் இலாபமே வந்திருக்கும்.

மதிப்பீட்டுக்கு இன்று எல்லோரும் பார்ப்பது "ஸ்ட்ரோக்ஸ் கெய்ண்ட்" என்ற அளவை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் புரோடி உருவாக்கிய முறை, பி.ஜி.ஏ. டூர் 2011இல் முதலில் பட்டிங்குக்கு அதை எடுத்துக்கொண்டது. ஓர் அடி, சக ஆட்டக்காரரின் சராசரியைவிட எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று அது சொல்லும். டீ அடி, கிரீனுக்கான (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை) அடி, கிரீனைச் சுற்றிய அடி, பட்டிங் என்று நான்கு கூறாகப் பாருங்கள். முதல் இரண்டும் ஓரளவு நிலையானவை. பட்டிங் வாரத்துக்கு வாரம் தாவும். போன வாரம் பட்டிங்கால் மட்டும் 3ஆம் இடம் வந்தவரின் விலை இந்த வாரம் தேவைக்கு மேல் இறங்கியிருக்கும். கிரீனுக்கான அடி நன்றாக இருந்தும் பட் விழாமல் 45ஆம் இடம் வந்தவர் பலர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

கேள்வி: போட்டி நடக்கும்போதே பந்தயத்திலிருந்து வெளியேறலாம் என்கிறார்களே, அது எப்படி? இங்கே எந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும்?
– வாசகர், கந்தளாய்

நேரத்தை முதலில் சொல்கிறோம். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவுக்கு நாங்கள் 9 மணி 30 நிமிடம் முந்தியவர்கள். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே மாலை 5.30. ஞாயிறு மாலை 7 மணிக்கு அங்கே கடைசிப் பட் விழும்போது இங்கே திங்கள் அதிகாலை 4.30. ஜூலையில் த ஓப்பன் லேசு, வித்தியாசம் 4 மணி 30 நிமிடம்தான். இரவு 11 மணியளவில் முடிந்துவிடும்.

வெளியேறுவதென்றால் எதிர்ப்பக்கப் பந்தயத்தை அதே தொகைக்குப் பிடிப்பது. 18இல் விற்றிருக்கிறீர்கள். இரண்டு நாள் முடிந்து ஆள் 4ஆம் இடத்தில் நிற்கிறார், புதிய விலை 7 – 9. 9இல் வாங்குகிறீர்கள். அவர் 3ஆம் இடம் வந்தால் விற்றதில் 15 வரவு, வாங்கியதில் 6 செலவு, மிச்சம் 9. சரிந்து 30ஆம் இடம் போனால் விற்றதில் 12 செலவு, வாங்கியதில் 21 வரவு; மிச்சம் அதே 9. இனி எது நடந்தாலும் 9 புள்ளி உங்களுடையது.

அதற்கும் விலை உண்டு. உள்ளே போகும்போது நடுவிலையான 19.5க்குப் பதில் 18, வெளியே வரும்போது 8க்குப் பதில் 9. இரண்டிலும் சேர்த்து 2.5 புள்ளி நிறுவனத்திடம் போய்விட்டது. அடிக்கடி உள்ளே வெளியே போகிறவர் இந்தக் கூலியாலேயே தேய்கிறார். பிரித்தானியாவில் இந்தத் துறையில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் இடம் குறைவு. 1992இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் இண்டெக்ஸ் நிறுவனத்தை 2023இல் ஸ்ப்ரெட்எக்ஸ் வாங்கிவிட்டது.

அதிகாலை 3 மணிக்குத் தூக்கக் கண்ணோடு விலை பார்ப்பது இன்னொரு ஆபத்து. தொலைக்காட்சிப் படம் களத்துக்குப் பின்தங்கியே வரும். நீங்கள் பேர்டியை (குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு) காணும்போது விலை ஏற்கெனவே மாறியிருக்கும்.

கேள்வி: சீனன்குடா கோல்ஃப் திடலில் கடி (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து துணை நிற்பவர்) வேலை பழகுகிறேன். ஒருநாள் பெரிய டூர்களில் வேலை கிடைத்தால், ஆட்டக்காரரின் உடல்நிலை எனக்கு முன்கூட்டியே தெரியுமே. அப்போது பந்தயம் பிடிக்கலாமா?
– இளைஞர், சீனன்குடா

கூடவே கூடாது தம்பி. பி.ஜி.ஏ. டூரின் நேர்மைத் திட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டக்காரர், கடி, டூர் ஊழியர் எவரும் கோல்ஃப் மீது பந்தயம் பிடிக்க முடியாது. பந்தயத்துக்குப் பயன்படும் உள்தகவலை மற்றவருக்குச் சொல்லவும் முடியாது. "நான் வேலை செய்யாத போட்டிதானே" என்ற சாட்டும் எடுபடாது. 2023இல், பி.ஜி.ஏ. டூருக்கு அடுத்த நிலைச் சுற்றான கோர்ன் ஃபெரி டூரின் ஆட்டக்காரர் இருவர், தாங்கள் ஆடாத பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் பந்தயம் பிடித்ததற்காக ஒருவர் 6 மாதமும் மற்றவர் 3 மாதமும் இடைநிறுத்தப்பட்டார்கள். இலங்கையிலும் விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் உள்தகவலைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. காற்றின் திசையையும் கிரீனின் சரிவையும் வாசிக்கப் பழகுங்கள். நல்ல கடிக்கு அதுவே சோறு போடும்.

கேள்வி: லண்டனிலுள்ள மச்சானின் கணக்கில் நான் இங்கிருந்து பிடிக்கலாமா? டெலிகிராமில் ஒரு முகவரும் "ரூபாவிலேயே ஸ்ப்ரெட்" என்று அழைக்கிறார்.
– வாசகர், கிண்ணியா

இரண்டும் வேண்டாம். பிரித்தானியாவில் ஸ்ப்ரெட் பந்தயம், சாதாரணப் பந்தயத்தைப் போல சூதாட்ட ஆணைக்குழுவின் கீழ் வருவதில்லை. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் கீழ் வருகிறது. கணக்கு ஆளின் அடையாளத்தையும் முகவரியையும் வருமானத்தையும் பார்த்துத் திறக்கப்படுவது. ஒருவரின் கணக்கில் இன்னொருவர் பிடிப்பது ஒப்பந்த மீறல். வென்றாலும் பணம் முடக்கப்படலாம். தோற்றாலோ கடன் முழுக்க மச்சானின் தலையில். வைத்த காசோடு போவதல்ல இந்தப் பந்தயம். கணக்கில் உள்ளதற்கு மேலும் நட்டம் வரலாம், அது நீதிமன்றம் வரை அறவிடக்கூடிய கடன். இங்கிருந்து பணம் அனுப்புவதானால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

டெலிகிராம் முகவரிடம் கட் தவறினால் என்ன எண், சமநிலைக்கு என்ன விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார். விலையைப் போடுகிறவரும் அவரே, தீர்க்கிறவரும் அவரே, காசைக் கையில் வைத்திருப்பவரும் அவரே. நீங்கள் தோற்றால் அறவிடுவார். வென்றால் குழுவிலிருந்து நீக்குவார். முறைப்பாடு செய்ய உங்களுக்கு ஓர் இடமும் இருக்காது.

கேள்வி: என் மகன் இந்தப் பந்தயத்தில் கடன்பட்டுவிட்டான் போலிருக்கிறது. இரவிரவாகப் போனும் கையுமாக இருக்கிறான். கேட்டால் எரிந்து விழுகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், பாலையூற்று

அம்மா, முதலில் கடனை நீங்கள் அடைத்துவிடாதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தால் அந்தக் காசு அடுத்த வியாழக்கிழமைப் போட்டிக்குப் போகும் வாய்ப்பே அதிகம். அவர் கோபம் இல்லாமல் இருக்கும் ஒரு பகல் நேரத்தில், போட்டி நடக்காத திங்களோ செவ்வாயோ, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பேசுவது நீங்களோ, அவர் மதிக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் மட்டும் இருக்கட்டும்; குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று கேட்டால் பொய்தான் வரும். இன்னும் திறந்திருக்கும் பந்தயம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்ப்ரெட் பந்தயம் போட்டி முடியும்வரை வளர்ந்துகொண்டே போகும். அதைத்தான் முதலில் மூட வேண்டும். முகவர் மிரட்டினால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். நித்திரை, சாப்பாடு குறைந்து, வாழ்க்கை வெறுத்ததுபோல் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். அல்லது திருகோணமலை வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேட்டு அழைத்துப் போங்கள். இது பழக்கநோய், அவரது குணம் கெட்டுவிட்டதாக எண்ணி மனம் உடைய வேண்டாம்.

கேள்வி: காசு வைக்காமல் இந்தக் கணக்கைப் பழக வழியுண்டா? எனக்கு கோல்ஃபும் பிடிக்கும், எண்களும் பிடிக்கும்.
– மாணவி, அன்புவழிபுரம்

தாராளமாக. கோடு போட்ட கொப்பி ஒன்று போதும். புதன்கிழமை பத்து ஆட்டக்காரரைத் தெரிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் ஆறு நிரல் போடுங்கள்: கட் தவறும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, முதல் ஐந்தில் வரும் வாய்ப்பு, 6 முதல் 20 வரை, 21 முதல் 50 வரை, இந்த நான்கிலிருந்து வரும் சராசரி, போட்டி முடிந்தபின் உண்மையான எண். நான்கு வாய்ப்புகளும் கூடி 100 வர வேண்டும். வியாழன் முதல் அடிக்குப் பின் எதையும் திருத்தக் கூடாது. சமநிலைச் சராசரியை லீடர்போர்டைப் பார்த்து நீங்களே கணியுங்கள், கை பழகும்.

ஓரிரு போட்டியின் முடிவை வைத்து உங்கள் மதிப்பீடு சரியா பிழையா என்று தீர்மானிக்க வேண்டாம். இருபது போட்டி ஆனபின், "20" என்று கட் நிரலில் எழுதிய பெயர்களை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உண்மையாகக் கட் தவறியிருக்க வேண்டும். பத்தில் ஒருவர்தான் தவறியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் பயந்திருக்கிறீர்கள். மூன்றில் ஒருவர் தவறியிருந்தால் பெயரைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள். அதே சோதனையை "10" என்று எழுதியவர்களுக்கும் "40" என்று எழுதியவர்களுக்கும் தனித்தனியே செய்யுங்கள். கொப்பி நிறைந்ததும் அந்த மூன்று கூட்டத்தின் எண்களையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.